காதுமூடி வாங்கப்போகும் துவக்குக்காரருக்கு

போன கிழமை பயிற்சிப் பட்டறை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் வந்தார். "சேர், வெடி வைக்கேக்க காதுக்குப் போடுற எலெக்ட்ரோனிக் சாமான் வாங்கப் போறன். எது நல்லது?" என்று கேட்டார். வாய் நிறைய வடை இருந்ததால் பிறகு சொல்வதாகக் கையைக் காட்டினேன். வடையை விழுங்கி முடிக்க அவர் பஸ் ஏறிவிட்டார். ஆகவே எழுதியே தருகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. தீவுப்பகுதிப் பள்ளிக்கூடங்களின் விளையாட்டுப் போட்டிகளில் முப்பது வருடத்துக்குக் கிட்ட ஓட்டங்களைத் தொடக்கிவைத்தவன் நான். கடதாசியில் ஸ்டார்ட்டர் என்று எழுதுவார்கள். ஊரில் துவக்குக்கார மாஸ்டர். நம்முடைய துவக்கில் குண்டு இல்லை, சத்தமும் புகையும் மட்டும்தான். குண்டு இல்லாததால் ஒருவருக்கும் ஆபத்தில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அதைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து பின்னேரம் வரை நிற்பவனை அந்த எல்லோருக்குள்ளும் சேர்ப்பதில்லை.

என்னை இந்த வேலைக்கு இழுத்துவிட்ட பழைய துவக்குக்காரர் காதுக்கு ஒன்றும் போடமாட்டார். "சத்தத்துக்குப் பயந்தவன் பட்டாசுக் கடைக்கும் போகக்கூடாது" என்பார். கடைசியில் அவருக்குக் காது அறவே கேட்காமல் போனது. அதை வெளியில் காட்டாமல் இருக்க, யார் எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். அப்படியே மூன்று சங்கங்களுக்குத் தலைவரானார். நான்காவது சங்கம் கேட்டு வந்தபோது அவருடைய மனைவி படலையைப் பூட்டிவிட்டார். அவருடைய ஓட்டங்களில் மட்டும் ஒருநாளும் பிழை வந்ததில்லை. ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

எனக்கும் ஐம்பது கடந்தபின் காதுக்குள் வண்டு இரையத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காது வைத்தியரிடம் போனேன். அவர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், ஒண்டில் துவக்கை விடுங்கோ, இல்லாட்டில் காதை மூடுங்கோ" என்றார். துவக்கை விட மனம் வரவில்லை. மருந்துக்கடையில் பஞ்சு மாதிரி மெதுவான மஞ்சள் அடைப்பான் ஒரு சோடி வாங்கி அடைத்துக்கொண்டேன். உலகம் அப்படியே அடங்கிவிட்டது. எவ்வளவு சுகம் என்று நினைத்தேன்.

அந்தச் சுகத்தோடு காரைநகரில் ஒரு பள்ளிக்கூடப் போட்டிக்குப் போனேன். பிரதம விருந்தினர் சுணங்கியதால் நிகழ்ச்சி நிரல் தலைகீழாகிவிட்டது. நான் பதினாறு வயதுப் பெடியளின் நூறு மீற்றருக்கு ஆயத்தமாக நின்றேன். திரும்பிப் பார்த்தால் எட்டுப் பேரும் கோட்டில் தலையைக் குனிந்து, கையைக் கட்டி, ஆடாமல் அசையாமல் நிற்கிறார்கள். பந்தலுக்குள்ளும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். இவ்வளவு ஒழுக்கத்தை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை. நெஞ்சு நிறைந்துபோனது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் காலமான முன்னாள் அதிபர் ஒருவருக்கு மௌன அஞ்சலி நடக்கிறது என்பதை ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறார்கள். மைதானத்தில் அது கேட்காத ஒரே ஆள் நான்தான்.

"உங்கள் இடங்களில்!" என்று கத்தினேன். காது அடைத்தவன் கத்துகிற கத்து எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஏழு பேர் அசையவில்லை. ஒருவன் மட்டும் சொல்வழி கேட்கிற பிள்ளை, குந்தினான். "ஆயத்தம்!" என்றேன். வைத்தேன் வெடியை. அவன் தன்னந்தனியாக, குனிந்த தலைகளுக்கு முன்னால், நூறு மீற்றரையும் நெஞ்சை நிமிர்த்தி ஓடி முடித்தான். காலமானவரின் மனைவி முன்வரிசைக் கதிரையில் திரும்ப இருந்துவிட்டார்.

பின்னேரம் அந்தப் பெடியன் என்னிடம் வந்தான். "சேர், எனக்கு முதலாமிடச் சேட்டிபிக்கற்?"

"அது ஓட்டமில்லையடா."

"வெடி வைச்சது நீங்கள்தானே சேர்."

அவனை அதிபரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதிபரும் கடைசியில் சான்றிதழ் ஒன்று கொடுத்தார், ஒழுக்கத்துக்கு என்று எழுதி. ஆகவே முதலாவது: முழுக்க அடைக்கிற எதையும் வாங்காதீர்கள்.

இரண்டாவதாக இணையத்தில் மலிவாக ஒரு எலெக்ட்ரோனிக் காதுமூடி எடுப்பித்தேன். ஆட்கள் கதைப்பது கேட்கும். வெடி வெடித்தவுடன் மட்டும் சத்தத்தை அறுத்துவிடும். நல்ல யோசனை என்றுதான் தோன்றும். ஆனால் அது அறுத்தால் அறுத்ததுதான், இரண்டு மூன்று செக்கனுக்குச் செத்துக் கிடக்கும். யாராவது வெடிக்கு முன் பாய்ந்தால், மற்றக் கரையில் நிற்கிற உதவிக்காரர் இன்னொரு வெடி வைத்து ஓட்டத்தைத் திருப்பி அழைப்பார் அல்லவா? அந்த வெடி என் காதுக்கு வரவேயில்லை. எட்டுப் பேரும் திரும்பி வந்து கோட்டில் நிற்க, நான் கதிரையில் இருந்து தேநீருக்குச் சீனி காணாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆகவே, பெருஞ்சத்தத்தை முழுக்க அறுக்கிறதை அல்ல, அமத்தித் தருகிறதைப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார். ஒன்றில்லை.

மூன்றாவது நோர்வேயிலிருந்து வந்தது. என்னிடம் படித்த ஒருவர் அங்கே இருக்கிறார், வெள்ளைக்காரரோடு சேர்ந்து காட்டுக்குப் போய் மான் சுடுவாராம். என் கதையைக் கேட்டுவிட்டுத் தான் போடுகிற மாதிரியான ஒன்றை அனுப்பிவிட்டார். பெட்டியில் ஒரு தாடிக்காரர் துவக்கோடு, செத்த மானின் மேல் காலை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். என் மனைவி அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அலுமாரிக்கு மேல் வைத்தார்.

அது நல்ல சாமான். வெடியை ஒரு கைதட்டல் அளவுக்கு அமத்தியது. சிறிய சத்தங்களையோ கூட்டித் தந்தது. காட்டில் சருகு மிதிபடுகிற சத்தம் கேட்கவேண்டும் என்று செய்தது. எங்களுடைய தீவில் சருகா முக்கியம்?

முதல் கரைச்சல் காற்று. மண்கும்பான் கடற்கரைப் பக்கம் போட்டுப் பார்த்தபோது தலைக்கு மேலே லொறி ஒன்று ஏறுகிற மாதிரி இருந்தது. மனைவி பாத்திரம் கழுவுகிற புது ஸ்பொஞ்ச் ஒன்றை இரண்டாக வெட்டி, இரு பக்கமும் ஒலிவாங்கித் துளைகளுக்கு மேல் தைத்துவிட்டார். அந்த ஸ்பொஞ்சுக்கு ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சைச் சொரசொரப்பு, நீங்களும் கண்டிருப்பீர்கள். காற்று அடங்கியது. பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை.

அதை முதல்முதல் போட்டுக்கொண்டு போன அன்று, முப்பது மீற்றர் தள்ளி உபஅதிபர் பக்கத்தில் நின்றவரிடம் மெல்லச் சொன்னார்: "மாஸ்டர் காதில சிரட்டை கவிட்டிருக்கிறார்."

"சிரட்டை இல்லை சேர், மெஷின்" என்றேன் நான், நின்ற இடத்திலிருந்தே.

அதோடு மைதானத்தின் சரித்திரம் மாறியது. செய்தி தேநீர்ப் பந்தலுக்குப் போனது. அங்கேயிருந்த ரீச்சர்மார் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "மாஸ்டருக்கு வயசே தெரியாது என்ன" என்று உரக்கக் கதைத்தார்கள். எதிரெதிர் மாணவர் இல்லங்களின் பொறுப்பாசிரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கதைக்காமல் கடதாசியில் எழுதிக் காட்டினார்கள். ஒரு பிரதம விருந்தினர் தன் மனைவியோடு போட்ட சண்டையை என்னைக் கண்டவுடன் பாதியில் நிறுத்தினார். இரவல் கேட்டும் வந்தார்கள். ஒரு அதிபருக்கு ஆசிரியர் கூட்டத்துக்குத் தேவைப்பட்டது. மீன்பிடிச் சங்கச் செயலாளர் ஒருவர், "பொதுக்கூட்டத்துக்கு ஒரு நாள் தாங்கோ மாஸ்டர், ஒரு நாள் போதும்" என்று கெஞ்சினார். நான் கொடுக்கவில்லை. கொடுக்காததற்குப் பாதுகாப்பு என்று காரணம் சொன்னேன். உண்மையில் எனக்கு அது இனித்தது. துவக்கைத் தூக்குகிறபோதுகூட யார் என்ன கதைக்கிறார்கள் என்றுதான் காது போகும். இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இனி நான் சொல்லவந்த நாள். வலயப் போட்டி. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களின் நூறு மீற்றர் இறுதி. முதல் இரண்டு பேர் மாகாணப் போட்டிக்குப் போவார்கள். நெடுந்தீவிலிருந்து ஜெனிற்றா என்று ஒரு பிள்ளை வந்திருந்தது. மீன்பிடிக் குடும்பம். இருட்டோடு எழும்பிப் படகேறி, பிறகு பஸ் ஏறி, வெறுங்காலோடு ஓடி, காலை நடந்த தகுதிகாண் ஓட்டத்தில் எல்லோரையும் பின்னுக்கு விட்டவள். அவளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டத்தில் மாகாணத்துக்குப் போனவர் ஒருவருமில்லை. பின்னேரப் படகை விட்டால் அன்றைக்கு வீட்டுக்கும் போகமுடியாது. உரைகள் நீண்டதால் இறுதி ஓட்டம் சுணங்கி, அவளோடு வந்த ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நின்றார்.

எட்டுப் பேரும் கோட்டுக்கு வந்தார்கள். "உங்கள் இடங்களில்" என்றேன். குந்தினார்கள். அந்த நேரம் எனக்குப் பின்னால் வேலியோரம் நின்ற இரண்டு பயிற்றுநர்கள் கதைப்பது காதுக்குள் வந்து விழுந்தது.

"நாலாவது லேனில நிக்கிற பிள்ளை வெடிக்கு முதல் வெளிக்கிடுறவள். பாரும், இண்டைக்கும் களவெடுப்பாள்."

"மாஸ்டர் பிடிப்பார்தானே?"

"அவருக்கு வயசு போட்டுது. காதில மெஷின் பூட்டியிருக்கிறார், கண்ணில என்னத்தைப் பூட்டுறது?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நாலாவது லேனில்தான் ஜெனிற்றா. "ஆயத்தம்" என்றேன். எட்டுப் பேர் இடுப்பை உயர்த்தினார்கள், நான் ஒருத்தியைத்தான் பார்த்தேன். வெடி வைத்தேன். அவள் வில்லிலிருந்து விட்ட மாதிரிப் போனாள். உடனே இரண்டாவது வெடியையும் நானே வைத்தேன், உதவிக்காரருக்கு இடம் கொடுக்காமல். திரும்பி வந்தவள் முன்னால் போய் நின்று, ஓட்டத்திலிருந்து விலக்குகிற சிவப்பு அட்டையைத் தூக்கினேன். வேலிப்பக்கம் பார்த்துத்தான் தூக்கினேன்.

அவள் அழவில்லை, சண்டைக்கு வரவில்லை. செருப்பை எடுக்கக் குனிந்தபோது தனக்குள்ளே சொன்னாள்: "நான் முந்தேல்லை."

அது வேறு ஒருவருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. பக்கத்தில் வந்து சொன்ன மாதிரிக் கேட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இடதுகாதுப் பக்கம் இருந்த குமிழைத் திருகிக் காதுமூடியை நிறுத்தினேன். அது வந்த நாளிலிருந்து மைதானத்தில் அந்தக் குமிழை நான் தொட்டதேயில்லை.

சத்தம் முழுக்கப் போனபிறகு கண் மட்டும் மிஞ்சியது. மற்ற ஏழு பெண்பிள்ளைகளும் கோட்டுக்குத் திரும்பி வந்து நின்றார்கள். ஒருவர் முந்தி ஓடினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று முப்பது வருடம் பார்த்தவன் நான். முந்தினவரை முறைப்பார்கள், நிலத்தை உதைப்பார்கள், தலையில் கைவைப்பார்கள். இந்த ஏழு பேரில் ஒருத்திகூட ஜெனிற்றாவைப் பார்க்கவில்லை. ஏழு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய துவக்குக்காரர் கேட்காத காதோடு எப்படிப் பிழைவிடாமல் ஓட்டம் விட்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிழை ஓடுகிறவரில் இல்லை என்றால் பச்சை அட்டை காட்டவேண்டும், ஒருவருக்கும் தண்டனையில்லாமல் ஓட்டம் திரும்பத் தொடங்கும். விதி தெரியும். சட்டைப்பையைத் தடவினேன். சிவப்பு இருந்தது. பச்சை வீட்டில் இருந்தது, சாப்பாட்டு மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில். அதை அங்கே மடித்து வைத்துப் பல வருடம். துவக்குக்காரன் பிழை விடுவான் என்று நான் நினைத்திருந்தால்தானே கொண்டுவர.

ஜெனிற்றா செருப்போடு பத்தடி போய்விட்டாள். இடதுகாதில் தைத்திருந்த ஸ்பொஞ்சை இழுத்துப் பிய்த்தேன். பச்சைப் பக்கம் வெளியே தெரிய, கையை நீட்டி உயரத் தூக்கினேன்.

மைதானம் என்னைப் பார்த்தது. பிரதம நடுவர் ஓடிவந்தார். குமிழைத் திருப்பிப் போட்டேன், ஸ்பொஞ்ச் போன காதுக்குள் காற்று அள்ளி இறைத்தது.

"என்ன மாஸ்டர் இது?"

"பச்சை."

"இது பாத்திரம் கழுவுறதெல்லோ?"

"பச்சைதானே?"

அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மற்றப் பக்கம் மஞ்சளாக் கிடக்கு. மஞ்சளெண்டால் எச்சரிக்கை."

"நான் காட்டினது பச்சைப் பக்கம்."

"அப்ப ஆரில பிழை?"

"என்னில."

அவர் ஸ்பொஞ்சை என் கையில் திருப்பி வைத்தார். முப்பது வருடத்தில் அந்தச் சொல்லை நான் அவருக்குச் சொன்னதில்லை. பிறகு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, "ஸ்பொஞ்ச் எண்டு எழுத ஏலாது, பச்சை எண்டு மட்டும் எழுதுறன்" என்றார்.

அந்த இடத்தில் கதையை நிறுத்தினால் நான் நல்லவன் ஆகிவிடுவேன். நிறுத்தமுடியாது. ஓட்டம் திரும்பத் தொடங்கியது. வெடி வைத்தேன். ஏழு பேர் போனார்கள். ஜெனிற்றா வெடி கேட்டபிறகும் ஒரு கண்சிமிட்டுகிற நேரம் நின்றாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், போகலாமா என்று. அதன்பிறகுதான் ஓடினாள். ஐந்து பேரைப் பிடித்துத் தாண்டினாள். மூன்றாமிடம். அவளுக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை. அந்தக் கை நீளத்தைப் பச்சை காட்டித் திருப்பிக் கொடுக்க எனக்கு ஏலவில்லை.

போட்டி முடியும்வரை நான் நிற்கவில்லை. மிச்ச ஓட்டங்களை உதவிக்காரரிடம் விட்டுவிட்டு, நெடுந்தீவுப் படகு வெளிக்கிடுகிற குறிகாட்டுவானுக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போவது எப்படி என்று வழியில் நான்கு ரோல்ஸ் வாங்கினேன். காதுமூடியைக் கழற்ற மறந்து கழுத்தில் கொழுவியபடி, ஒரு பக்கம் ஸ்பொஞ்ச், மறுபக்கம் நூல் தொங்க, இறங்குதுறையில் போய் நின்றேன். ஜெனிற்றாவும் ரீச்சரும் வரிசையில் நின்றார்கள்.

"பிள்ளை, நான் விட்டது பிழை" என்றேன். ரோல்ஸை நீட்டினேன்.

அவள் வாங்கினாள். பசித்திருக்கும். "பரவாயில்லை சேர்" என்றாள். பிறகு என் கழுத்தைப் பார்த்து, "ஒருக்காப் போட்டுப் பாக்கலாமோ?" என்று கேட்டாள்.

கொடுத்தேன். போட்டாள். கடலைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள். முகம் விரிந்தது.

"சேர், அங்க படகுக்குள்ள இருக்கிற ஆச்சி கோழிக்குஞ்சு விலை கதைக்கிறா. அதுகூடக் கேக்குது!"

"ஓம், கேக்கும்."

கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு சிரிப்பு மெல்ல வற்றியது. என் பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு கேக்குதே சேர். நான் முந்தேல்லை எண்டு சொன்னது கேக்கேல்லையோ?"

பொய் சொல்ல வழி இருந்தது. காற்று என்று சொல்லியிருக்கலாம்.

"கேட்டது" என்றேன்.

அவள் காதுமூடியைக் கழற்றி, இரண்டு பக்கத்தையும் ஒழுங்காக மடித்து, என் கையில் தந்தாள். "அப்ப மெஷின் நல்ல மெஷின்தான், சேர்" என்றாள். படகில் ஏறிப் போய்விட்டாள்.

ஆகவே தம்பிமார், தங்கைமார், எதை வாங்குவது என்று கேட்டீர்கள். அமத்துகிறதை வாங்குங்கள். காற்றுக்கு ஸ்பொஞ்ச் தையுங்கள். குமிழ் விரலுக்கு எட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள், "உங்கள் இடங்களில்" என்று சொல்லமுன் அதைத் தணியுங்கள். முதலில் பச்சை அட்டையைச் சட்டைப்பையில் வையுங்கள். மேசைக்காலுக்கு வேறு ஏதாவது மடியுங்கள்.

அடுத்த வருடம் ஜெனிற்றா நூறு மீற்றருக்குப் பேர் கொடுக்கவில்லை. நீளம் பாய்தலுக்கு மாறியிருந்தாள். அங்கே துவக்குக்காரன் இல்லை. பாய்தல் மணல் நான் நிற்கிற கோட்டிலிருந்து நாற்பது மீற்றர் இருக்கும். அன்றைக்கு என் முன்னால் எட்டுப் பெடியள் குந்தியிருந்தார்கள். "ஆயத்தம்" என்று சொல்லியும் விட்டேன். அந்த நேரம் அவள் ஓடிவருவது கடைக்கண்ணில் பட்டது. உங்களுக்குச் சொன்ன எல்லாவற்றுக்கும் மாறாகக் குமிழை முழுக்கக் கூட்டித் திருகினேன். மணலில் அவள் விழுகிற சத்தம் கேட்டது. அளவுநாடா இழுபடுகிற சத்தம் கேட்டது. அளக்கிறவர் தொண்டையைச் செருமினார். இலக்கத்தைச் சொல்லாமல் திரும்பவும் செருமினார்.

"சேர்," என்றான் முதலாவது லேனில் நின்ற பெடியன், இடுப்பை உயர்த்தியபடி, கால் நடுங்க, "வெடி?"

"பொறடா" என்றேன், "அளக்கினம்."